அப்பாயியின் இடது கை

தம்பி கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறான். 2016 தீபாவளிக்கு அவன் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மலையில் நல்ல மழை, கடும் குளிர். இஸ்தோப்பில், முன் தாழ்வாரத்தில், வந்து நின்றவன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தான். வலது முன்கையில் ஒரு வேல். மணிக்கட்டில் தொடங்கி முழங்கை மடிப்பு வரை, கறுப்பு மையில், நிழல் வைத்து, அழகாகவே குத்தியிருந்தார்கள். அம்மா பேனையால் கீறியது என்று நினைத்து முந்தானையால் துடைத்துப் பார்த்தார். போகாது என்று தெரிந்ததும் அந்தக் கையைப் பிடித்தபடியே அழத் தொடங்கிவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். தம்பி திரும்பிப் பஸ் ஏறும்வரை மூன்று நாளும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் அப்பா சுலபத்தில் கோபப்படுகிறவர் இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அலகு குத்துகிறவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். கன்னத்தில் வேல் இறங்கும்போது "அரோகரா" என்று முதலில் கேட்பதும் அவர் குரல்தான். கன்னத்தைத் துளைத்துப் போகும் வேலுக்குக் கைகூப்புகிறவருக்கு, மகன் கையில் மையாக இறங்கிய வேலைப் பார்க்க ஏன் பொறுக்கவில்லை? அம்மாவிடம் கேட்டேன். "அலகு குத்தின எடம் விபூதி தடவினா ஒரு வாரத்துல ஆறிரும். இது சாகுற வரைக்கும் இருக்கும்ல" என்றார். அது அம்மாவின் காரணம். அப்பாவின் காரணம் வேறு என்று தெரிய எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது.

அதைச் சொல்வதற்கு முன் அப்பாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் அம்மா அவர். தலவாக்கலையிலிருந்து மேலே ஏறும் ஒரு தோட்டத்தில், மேல் டிவிசன் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், 1938இல் பிறந்து அதே தோட்டத்திலேயே நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அவருடைய இடது முன்கையில் பச்சை இருந்தது. அந்த லயத்தில் அவர் வயதுப் பெண்கள் பலருக்கும் இருந்ததுதான். ஒருவருக்கு நெற்றியில் ஒரே ஒரு புள்ளி. ஒருவருக்கு மணிக்கட்டில் தேள். எதிர்க் காம்பராவில், அதாவது எதிர் அறையில், இருந்த கிழவிக்குப் புருஷன் பெயர். அப்பாயிக்கு ஒரு புள்ளிக் கோலம், அதற்குக் கீழே அவருடைய சொந்தப் பெயர். "ஆயி" என்று முடியும் பெயர். முழுப் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அது போன இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் அதைத் தப்பாக எழுதினார்கள். நானும் அதைப் பலபேர் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டாம்.

அவருக்கு ஒன்பது வயது இருக்கும்போது தோட்டத்துக்கு ஒரு குறத்தி வந்தாளாம். விளக்கெண்ணெய் விளக்கின் மேல் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்துக் கரி பிடித்து, கரிசலாங்கண்ணிச் சாற்றில் குழைத்து, மூன்று ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டி, அதில் தொட்டுத் தொட்டுக் குத்தினாளாம். பிள்ளை வலியை மறக்க வேண்டும் என்று குத்தும்போது பாடிக்கொண்டே இருப்பாளாம். அத்தை ஒருத்தி தோளைப் பிடித்துக்கொண்டாள், அம்மா காலைப் பிடித்துக்கொண்டாள். கூலி ஒரு கொத்து அரிசியும் ஒரு பழைய சேலையும். குறத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கங்காணி மகன் ஒருவர் பென்சிலால் கையில் பெயரை எழுதிக் கொடுக்க, குறத்தி அதன் மேலேயே ஊசியை ஓட்டினாள். அப்பாயிக்கும் எழுத்துத் தெரியாது. தன் கையில் இருப்பது தன் பெயர் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் கடைசிவரை அவருக்குத் தெரியும்.

பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அப்பாயியின் அப்பா. திருச்சிப் பக்கத்திலிருந்து சிறு வயதில் தாய் தகப்பனோடு வந்தவர் அவர். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வரும் தொழிலாளிக்கு ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். வழியில் யார் பார்த்தாலும் இந்த ஆள் எந்தத் தோட்டத்துக்குச் சேர வேண்டியவன் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவன் பெயர் என்ன என்று அதில் இருக்காது. தன் பிள்ளைக்குப் பெயர் எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. காகிதத்தில் எழுதி வைக்கலாம் என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை என்பதும் புரிகிறது.

பச்சை ஆறி ஒரு வருஷமோ என்னவோ. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் பிறந்த பத்து வயதுப் பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, எங்களைப் போன்றவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இங்கே என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள இன்னும் பத்து வருஷம் எடுத்தது. அப்பாயியின் தங்கச்சி குடும்பம் இந்தியாவுக்குப் போனது. அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் அன்றைக்குக் குறத்தி ஒரே கோலத்தைத்தான் குத்தியிருந்தாள். கோச்சி, அதாவது ரயில், ஏறும்போது ஜன்னல் வழியாக நீட்டிய கையில் கடைசியாகப் பார்த்தது அந்தக் கோலத்தைத்தான் என்று அப்பாயி சொல்வார். நீலகிரிப் பக்கம் போனார்கள் என்று கேள்வி. அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில், 1998இல், நான் அப்பாயியோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அறுபது வயதில் வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஈ.பி.எப்., அதாவது சேமலாப நிதிப் பணம் எடுக்க வேண்டும். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இருந்த பெயர் "ஆயி" என்று முடிந்தது. நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுத்த 1988 சட்டத்துக்குப் பிறகு ஒருவழியாகக் கிடைத்த அடையாள அட்டையில் அதே பெயர் "அம்மா" என்று முடிந்தது. எழுதினவர் எவரோ, தனக்குத் தெரிந்த பெயராக மாற்றிவிட்டிருக்கிறார். மலையகத்தில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. இதை வாசிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு பெயரும் ஒரே ஆள் என்பதற்கு அத்தாட்சி கேட்டார். அவர் சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அப்பாயி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் சேலைத் தலைப்பை விலக்கி, இடது கையை மேசை மேல், அந்தப் பைலுக்குப் பக்கத்தில், உள்பக்கம் தெரியும்படி வைத்தார்.

"இதுல இருக்கு, அய்யாட்ட படிக்கச் சொல்லு."

அவரால் படிக்க முடியவில்லை. தமிழ் தெரியாததால் மட்டும் இல்லை. அதற்குள் ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. எழுத்தெல்லாம் தடித்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஈரத் துணியில் ஊறிய மை மாதிரி இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்ததால் நான் படித்தேன். சத்தமாகப் படித்தேன். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. கையை எடுக்கச் சொல்லாமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் சத்தியக்கடதாசி எழுதி, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். பணம் கைக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது.

கரிய புகைக்கரியைக் குத்தினால் தோலில் ஏன் பச்சையாகத் தெரிகிறது என்று பெரியவளான பிறகுதான் தேடிப் படித்தேன். ஊசி மேல்தோலைத் தாண்டி அதற்கு அடுத்த தோலில் மையைக் கொண்டுபோய் வைக்கிறது. மேல்தோல் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும், கீழே உள்ளது அப்படி இல்லை. வெளிச்சம் தோலுக்குள் போகும்போது சிவப்பு ஆழமாக இறங்கிக் கரியில் அடங்கிவிடுகிறது. நீலம் மேலேயே சிதறித் திரும்பி வருகிறது. அதனால் கறுப்பு நமக்கு நீலமாகவும் பச்சையாகவும் தெரிகிறது. மை அங்கேயே தங்குவதற்குக் காரணம், நம் உடம்பின் காவல் செல்கள் அதை வேண்டாத பொருள் என்று விழுங்கிக்கொண்டு, செரிக்க முடியாமல் அப்படியே வைத்திருப்பது. 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் இன்னொன்றைக் கண்டார்கள். அந்தச் செல் சாகும்போது மை வெளியே வருகிறது. உடனே பக்கத்தில் வரும் புதிய செல் அதை எடுத்து விழுங்கிக்கொள்கிறது. ஒன்று விட, அடுத்தது வாங்க, இப்படியே போகிறது. அதைப் படித்த அன்று எனக்கு அப்பாயியின் கை ஞாபகத்துக்கு வந்து வேலையே ஓடவில்லை. ஒன்பது வயதில் வாங்கிய பெயரை அந்த உடம்பு எழுபத்துமூன்று வயது வரை கை மாற்றிக் கை மாற்றி வைத்திருந்திருக்கிறது. 2011இல் அவர் போனார். "செத்தா நகை எல்லாம் கழட்டிருவாங்க, இது மட்டும் கூட வரும்" என்று அடிக்கடி சொல்வார். குளிப்பாட்டும்போது காதில் இருந்ததைக் கழற்றினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இனி அப்பாவின் காரணம். 2017இல் அப்பாயியின் திதிக்கு எல்லாரும் கூடியிருந்தோம். தம்பியும் வந்திருந்தான். இந்த முறை சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தான். அப்பா அதைப் பார்த்தார். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அடுப்படியில் என்னிடம் சொன்னார்.

அப்பா எட்டாம் வகுப்பிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அந்த வகுப்பில் தோட்டத்திலிருந்து போனவர்கள் மூன்று பேர்தான். கணக்கில் முதலாவதாக வந்ததற்குப் பரிசளிப்பு விழாவில் அவருக்குப் புத்தகம் கொடுத்தார்கள். தாய் தகப்பனைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் ஒரு பையன், பச்சை குத்தின கையைப் பார்த்தாலே தோட்டக்காட்டு ஆட்கள் என்று தெரியும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறான். அப்பா வீட்டுக்கு வந்து, அப்பாயியிடம் விழாவுக்கு முழுக்கை ரவிக்கை போட்டு வரச் சொன்னார். அப்பாயியிடம் முழுக்கை ரவிக்கை கிடையாது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கினார். அது பெரிதாக இருந்ததால் ராத்திரி உட்கார்ந்து பிடித்துத் தைத்தார். ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

"கேட்டிருந்தா நான் ஏதாச்சும் பொய் சொல்லியிருப்பேன். கேக்கவே இல்ல பாப்பா" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு டவுனுக்குப் போகும் நாளெல்லாம் அப்பாயி சேலைத் தலைப்பை இடது கையில் சுற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நான் பார்த்த அப்பாயி அப்படித்தான் இருந்தார். குளிருக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் தம்பியிடம் கையை ஏன் மூடியிருக்கிறாய் என்று கேட்டேன். கடையில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது பச்சை தெரியக்கூடாது. கொழும்பு வெயிலில் நாள் முழுவதும் முழுக்கைச் சட்டை. முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அந்தக் குளிரில் ஏன் மடித்துவிட்டு வந்து நின்றான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதை அப்பாவிடமும் சொன்னேன். அவர் எழுந்து போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். "வலிச்சுதாடா?" என்று கேட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பச்சையைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இது மேல்நாட்டிலிருந்து வந்த கெட்ட பழக்கம் என்று பேசுகிறவர்கள் தங்கள் பாட்டிமாரின் கையை ஒருநாளும் திருப்பிப் பார்க்காதவர்கள். சிங்களத்தில்கூட இதற்குப் பெயர் "பச்ச கொட்டனவா"தான். சொல் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. ஆனால், இது நம் மரபு, அதனால் பெருமை என்று மட்டும் சொல்லவும் என்னால் முடியாது. தோளையும் காலையும் அழுத்திப் பிடித்து ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் குத்தியது அது. "என்னைய யாரு கேட்டா?" என்று அப்பாயியே சொல்லியிருக்கிறார். பிறகு அதை அவர் விரும்பினார் என்பது அவருடைய பெருந்தன்மை. எதிர்க் காம்பராக் கிழவி கையில் புருஷன் பெயர் இருந்தது. அந்தப் புருஷன் கையில் எதுவும் இல்லை. அவர் இன்னொருத்தியோடு போன பிறகும் அந்தப் பெயரோடுதான் கிழவி கொழுந்து பறித்தார். காதலிக்கிறவர் பெயரைக் குத்தப்போகிறேன் என்று ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன், உறுதியாகச் சொல்வேன்.

இன்னொரு விஷயத்தில் எனக்கு உண்மையாகவே பயம் இருக்கிறது. எங்கள் பக்கத்து லயத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் சிலர் பழைய ரேடியோ மோட்டாரையும் கிற்றார் கம்பியையும் வைத்து ஒரு மெசின் செய்து, பேனை மையைத் தொட்டு, ஐந்து பேர் ஒரே ஊசியில் குத்திக்கொண்டார்கள். ஒருவனுக்குக் கை வீங்கிச் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தான். சீழ் கண்ணுக்குத் தெரிந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போனான். மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி.யும் ஒரே ஊசியில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். அது அன்றைக்குத் தெரியாது, வருஷக்கணக்கில் தெரியாமல் இருக்கும். குத்துவதென்றால் பதினெட்டு வயது ஆகட்டும். ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மையைச் சின்ன மூடியில் உங்களுக்கென்று தனியாக ஊற்றச் சொல்லுங்கள். கையுறை போடாதவரிடம் கையை நீட்டாதீர்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்டால் முகம் சுளிக்கிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உருவத்தையும் யோசித்துக்கொள்ள வேண்டும். 2014இல் கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண்ணைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடித்து, தடுத்துவைத்து, நாட்டைவிட்டு அனுப்பினார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் அது தவறு என்று சொல்லி நட்டஈடு கொடுத்தது. இதெல்லாம் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

போன வருஷம் நான் கண்டிக்குப் போனேன். ஒரு மாடிக் கடை. சுத்தமாக இருந்தது. சிங்களத் தம்பி ஒருவர் ஊசிப் பெட்டியைத் திறந்து காட்டி, நான் கேட்பதற்கு முன்பே எல்லாம் விளக்கினார். அப்பாயியின் கோலமும் அதற்குக் கீழே அவர் பெயரும் வேண்டும் என்றேன். படம் இருக்கிறதா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். கல்யாணப் படங்கள், தம்பியின் காதுகுத்துப் படம், கோயில் படம் எல்லாவற்றிலும் அப்பாயி இருக்கிறார். ஒன்றில்கூட இடது கை இல்லை. எல்லாவற்றிலும் சேலைத் தலைப்பு சுற்றியிருக்கிறது. என் ஞாபகத்திலிருந்து வரைந்தேன். ஐந்து வரிசைப் புள்ளி வந்தது. ஹட்டனில் இருக்கும் அத்தையிடம் கேட்டேன். அவர் வரைந்ததில் நடுவில் ஒரு நட்சத்திரம் இருந்தது. அம்மா, அது நட்சத்திரம் இல்லை, தாமரை என்றார். நீலகிரியில் எங்கோ அதே கோலத்தோடு ஒரு கை இருந்திருக்கும். அதுவும் இப்போது இருக்காது.

இவ்வளவு பேச்சையும் கேட்டுக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அப்பா, கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார். கரண்ட் பில்லைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் மெதுவாகப் புள்ளி வைத்தார். ஏழு, அஞ்சு, மூணு, ஒண்ணு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே வைத்தார். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு முக்கோணம். சுற்றிலும் ஒரே கோட்டில் வளைவு, எங்கேயும் பென்சிலை எடுக்காமல். வலப்பக்க மூலையில் ஒரு புள்ளியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தார். "இங்கதான் கையை உதறிட்டாங்களாம், ஊசி தப்பிருச்சு" என்றார். அத்தை படத்தைப் பார்த்துவிட்டுப் போனிலேயே அழுதார். நட்சத்திரமும் இல்லை, தாமரையும் இல்லை.

அப்புறம் அதற்குக் கீழே பெயரை எழுதினார். கடைசி எழுத்தின் சுழி அப்பாயியின் கையில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லி, எழுதியதை அழித்தார். திரும்ப எழுதினார். அதையும் அழித்துவிட்டு, என் கையை இழுத்து வைத்து அளவு பார்த்தார்.